25,000 ரூபாய்க்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு: காவேரிப்பட்டணத்துக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் மூன்றாவது வாரம், காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தான். பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்தே எனக்குத் தெரிந்த பையன். இப்போது வயது 22. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்ததில் 25,000 ரூபாய் சேர்ந்திருந்தது. வந்ததும் போனை நீட்டினான்.

"அண்ணா, ஓசூர்ல ஒருத்தர் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை 16,000-க்குத் தர்றாராம். செகண்ட்ஸ்தான். விட்டா கிடைக்காதுண்ணா. வாங்கிடலாமா?"

"முதல்ல மெஷினைக் கொண்டா தம்பி. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம். அது வீணாகக் கூடாது என்பதுதான் எனக்கு முதல் கவலையாக இருந்தது. அந்தக் கணினிக்கு ஏற்ற கார்டைத் தேர்ந்தெடுத்து, போட்டு, பிரச்சினை இல்லாமல் ஓட வைக்க ஆறு வாரம் ஆனது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கி, இப்போது கேம் விளையாடப் பயன்படும் இதே மாதிரிக் கணினிகள் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கின்றன. அவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

கணினியில் இருந்தவை

2021-ல் வாங்கியது. இன்டெல் ஐ5 10400எஃப் பிராசசர், எச்410 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க். இந்த வகை இன்டெல் பிராசசரில் பெயர்க் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது, தனிக் கார்டு போட்டே ஆக வேண்டும். அப்படிப் போட்டிருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. 2016-ல் வெளிவந்த மாடல். மானிட்டர் 24 அங்குலம், 1080பி, 75 ஹெர்ட்ஸ். அதன் பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ. டிஸ்ப்ளே போர்ட் இல்லை. இந்தச் சின்ன விவரத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

அவன் விளையாடுவது வாலரண்ட், ஜிடிஏ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஃபோர்ஸா ஹொரைசன் 5. சைபர்பங்க் 2077 விளையாட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. வாலரண்ட் ஏற்கெனவே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. குறை ரெட் டெட், ஃபோர்ஸா இரண்டிலும். குதிரையில் ஊருக்குள் நுழைந்தால் படம் திக்கும். கார் வேகமெடுத்தால் அரை நொடி நின்று போகும்.

எல்லோரையும் போல அவனும் கார்டுதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தான். பாதி உண்மை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, விளையாடும்போதே எண்கள் திரையில் தெரியும்படி வைத்தேன். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்தது. கூடவே 8 ஜிபி ராமும் 7.6 வரை போய், மிச்சத்துக்கு விண்டோஸ் எஸ்எஸ்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஸ்டிக் என்பதால் பிராசசரும் ராமும் பேசிக்கொள்ளும் இரண்டு வழிகளில் ஒன்று சும்மா கிடந்தது.

ரெட் டெட் விளையாட்டுக்குள்ளேயே ஒரு வேகச் சோதனை உண்டு. மீடியம் அமைப்பில் ஓட்டினோம். சராசரி நொடிக்கு 33 பிரேம் (படம்). மிக மெதுவான ஒரு சதவீதத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் 15. கண்ணுக்குத் திக்கலாகத் தெரிவது இந்த இரண்டாவது எண். என் கடையில் இருந்த இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைச் செருகி மறுபடி ஓட்டினோம். சராசரி 36-தான் ஆனது. ஆனால் 15 என்பது 24 ஆகிவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "கார்டே மாத்தலையேண்ணா!" என்றான். 1,600 ரூபாய்க்குக் கிடைத்த முன்னேற்றம் அது. அந்த ஸ்டிக்கைக் கழற்றவே இல்லை.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்

அப்புறம் கேபினட்டின் அடியில் கையை விட்டு எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, வெளியே எடுத்தேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கடைக்கு எரிந்துபோய் வரும் கார்டுகளில் பல இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. ஸ்டிக்கரில் இருக்கும் கட்டத்தில் பார்க்க வேண்டியது +12 வோல்ட்டுக்கு நேரே எழுதியிருக்கும் ஆம்பியர். இதில் 16 என்று இருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 450 என்பது எல்லா வரிகளையும் கூட்டிப் போட்டு, அதற்கும் மேலே ஏற்றி எழுதிய எண்.

ஓசூர்க்காரர் தருவதாகச் சொன்ன 3060 டிஐ கார்டுக்கு மட்டும் 200 வாட் வேண்டும். பிராசசருக்கு 65 வாட் என்று எழுதியிருந்தாலும், திடீரென்று வேலை ஏறும்போது சில நொடிகளுக்கு 130 வாட்டையும் தாண்டும். பழைய 1050 டிஐ வெறும் 75 வாட்டை ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் கார்டு. அதனால்தான் இந்த எஸ்எம்பிஎஸ் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது.

புதுக் கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும். இதில் அது இல்லவே இல்லை. "மோலெக்ஸ்ல இருந்து 8 பின்னுக்கு ஒரு கன்வர்ட்டர் போட்டுக்கலாம்னு ஒரு கடையில சொன்னாங்கண்ணா" என்றான். 8 பின் கனெக்டர் 150 வாட் வரை கொடுக்க வேண்டியது. ஹார்டு டிஸ்குக்கு என்று வந்த மெல்லிய மோலெக்ஸ் வயரில் அந்தச் சுமையைப் போட்டால் பிளாஸ்டிக் உருகும். உருகி ஒட்டிப்போன கனெக்டர்களை என் கையால் பிய்த்து எடுத்திருக்கிறேன். அவனுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு கன்வர்ட்டர் பேச்சு வரவில்லை.

ஆக, நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று கட்டாயம். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) தரம், அன்றைய விலை 4,200 ரூபாய். வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ளீட்டு வோல்டேஜையும் பார்க்கச் சொன்னேன். சில மாடல்கள் 200 முதல் 240 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. 100 முதல் 240 வரை என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அவன் வீடு தோப்பு ஓரம், லைனில் கடைசிக் கம்பம். சாயங்காலம் சுற்றிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

25,000-லிருந்து 1,600, பிறகு 4,200 கழித்தால் 19,200. கார்டுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். தம்பியின் முகம் வாடிவிட்டது. மனதுக்குள் ஆர்டிஎக்ஸ் 4060 வரைக்கும் போய்விட்டு வந்திருந்தான். அவன் ஏமாற்றம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 4,200-ஐ மிச்சப்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் கார்டு?

அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்த விலைகள் ஏறக்குறைய இப்படி இருந்தன. ஆர்டிஎக்ஸ் என்று தொடங்குபவை என்விடியா கார்டுகள், ஆர்எக்ஸ் என்று தொடங்குபவை ஏஎம்டி கார்டுகள். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 17,000. ஆர்எக்ஸ் 6600 19,500. ஆர்எக்ஸ் 7600 24,000. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 25,500. இன்டெல் ஆர்க் பி580 26,000. ஆர்டிஎக்ஸ் 4060 28,000.

பி580-ஐ முதலில் ஒதுக்கினோம். 12 ஜிபி நினைவகம், 2024 டிசம்பரில் வந்த புதுக் கார்டு, நல்ல கார்டும்கூட. ஆனால் பழைய பிராசசரோடு சேர்த்தால் அதன் வேகம் நிறையவே இறங்குகிறது என்று 2025 ஜனவரியில் பல சோதனைகள் காட்டின. இவனிடம் இருப்பது 2020-ல் வந்த பிராசசர்.

3050 6 ஜிபி கார்டைப் பற்றி நன்றாக யோசித்தோம். 70 வாட்டில் ஓடும், தனி கனெக்டர் தேவையில்லை, பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவில் 6,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆபீஸ்களிலிருந்து வரும் சின்ன கேபினட் கணினிகளுக்கு, எஸ்எம்பிஎஸ் மாற்றவே முடியாத இடத்தில், நானே இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் நினைவகப் பாதை 96 பிட் அகலம்தான். வேகத்தில் 6600-க்கு ரொம்பப் பின்னால் நிற்கிறது. முழு அளவு கேபினட் வைத்திருப்பவன் 17,000 கொடுத்து அதை வாங்கினால் இரண்டு வருடத்தில் மறுபடி செலவு வரும்.

அப்போதுதான் ஆர்டிஎக்ஸ் 5060 மே மாதம் 299 டாலருக்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். "ஒரு மாசம் பொறுக்கலாமாண்ணா?" என்று கேட்டான். டாலர் 85 ரூபாய்க்கு மேல் இருந்த நேரம். வரி இல்லாமலே 25,400 வருகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 30,000. பொறுத்தாலும் கைக்கு எட்டாது.

மிச்சம் ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின். இதில் எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. மதர்போர்டோடு பேச இது 8 லேன்களை (டேட்டா ஓடும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும். கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 4.0 தலைமுறையாக இருந்தால் 8 லேன் போதும். எச்410 போர்டில் இருப்பது 3.0. அதில் 8 லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபி போக்குவரத்துதான், 16 லேன் கார்டுக்குக் கிடைப்பதில் பாதி.

இது எவ்வளவு முக்கியம் என்று அவனுக்கு விளக்க வெளியே எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சீசனில் மாங்கூழ் தொழிற்சாலை வாசலை அவன் தினமும் பார்க்கிறவன். உள்ளே இடம் தாராளமாக இருந்தால், வாசல் சாலை குறுகலாக இருந்தாலும் பெரிய கஷ்டம் இல்லை. வந்த லோடு உள்ளே போய் இறங்கிவிடும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இடம் நிரம்பிவிட்டால் லாரிகள் சாலையில் வரிசை கட்டும். அப்போதுதான் சாலை எவ்வளவு அகலம் என்ற கேள்வியே வரும். கார்டின் நினைவகம் அந்த உள்ளிடம், லேன்கள் அந்தச் சாலை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒரு கார்டு உண்டு. 4 ஜிபி நினைவகம், 4 லேன். இடமும் சின்னது, சாலையும் குறுகல். 3.0 போர்டில் அது திணறும். 6600-க்கு உள்ளே 8 ஜிபி இடம் இருக்கிறது. 1080பி திரையில், டெக்ஸ்சரை மிக உச்சத்தில் வைக்காதவரை, லாரி சாலையில் நிற்காது. இழப்பு மிகச் சிறியது.

இப்போது அந்த மானிட்டர் விவரத்துக்கு வருகிறேன். அவன் மானிட்டரில் ஃப்ரீசிங்க் உண்டு. கார்டு எத்தனை பிரேம் கொடுக்கிறதோ அதற்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி அது. 50-க்கும் 75-க்கும் நடுவில் ஏறி இறங்கும் விளையாட்டில் இது பெரிய நிம்மதி. ஏஎம்டி கார்டில் இது எச்டிஎம்ஐ வழியாகவே வேலை செய்யும். என்விடியா கார்டில் இந்த மாதிரி மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட் வேண்டும், இவனிடம் அது இல்லை. 28,000 கொடுத்து 4060 வாங்கியிருந்தாலும் இந்த வசதி கைக்கு வந்திருக்காது. மானிட்டரின் பின்பக்கத்தைப் பார்க்காமல் கார்டு வாங்குகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

என்விடியா பக்கம் என்ன விட்டுப்போகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். டிஎல்எஸ்எஸ் கிடைக்காது, குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி பிரேமைக் கூட்டும் வசதி அது. அதே வேலைக்கு ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இருக்கிறது, ஆனால் 1080பியில் படத்தின் துல்லியம் அதற்குச் சமம் இல்லை. ரே டிரேசிங், அதாவது ஒளி நிஜம்போல் விழுவதைக் கணக்கிட்டு வரையும் வசதி, பலவீனம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்கிறவன், வீடியோ ரெண்டர் பண்ணிச் சம்பாதிக்கிறவன் என்றால் எப்படியாவது இன்னும் 6,000 சேர்த்து 3060 12 ஜிபி எடுக்கச் சொல்லியிருப்பேன். இவன் விளையாட மட்டும்தான் கேட்கிறான்.

ஓசூரில் ஒரு சனிக்கிழமை

இவ்வளவு பேசியும் அந்த 16,000 ரூபாய் 3060 டிஐ அவன் மனதை விட்டுப் போகவில்லை. அதில் நியாயமும் இருந்தது. வேகத்தில் அது 6600-ஐ நன்றாகவே தாண்டும், 16 லேனும் உண்டு, விலையும் 3,500 குறைவு. பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது சரியில்லை. ஒரு சனிக்கிழமை கடையை மதியம் வரை மூடிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அங்கே சரிப்படாவிட்டால் அப்படியே பெங்களூரு போய்விடலாம் என்று திட்டம்.

விற்கிறவர் நல்ல மனிதர். அவர் வீட்டுக் கணினியிலேயே கார்டைப் போட்டுக் காட்டினார். போடுவதற்கு முன்பே கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. ஹீட்சிங்க் ஸ்குரூவின் தலை தேய்ந்திருந்தது, அதாவது யாரோ கழற்றியிருக்கிறார்கள். போர்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. நினைவகச் சிப்புகளின் மேல் ஒட்டும் தெர்மல் பேட் நீண்ட நாள் சூட்டில் கிடந்தால் இப்படிக் கசியும்.

இரண்டு நிமிடம் விளையாடிப் பார்த்துவிட்டு வாங்கிவிடக் கூடாது. இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓட்ட வேண்டும் என்று கேட்டேன், அவரும் மறுக்கவில்லை. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து இரண்டு வெப்பநிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று சிப்பின் பொதுச் சூடு, இன்னொன்று அதிலேயே அதிகமாகச் சுடும் இடம். நல்ல நிலையில் இருக்கும் கார்டில் இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும். இதில் பன்னிரண்டாவது நிமிடம் 81-ம் 107-ம் காட்டியது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது, ஒரு ஃபேன் லேசாக ஆடியது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தது.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம், மைனிங் (கார்டில் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டுவது) தேவைப்படாத முறைக்கு மாறியதும் கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. இதுவும் அதில் ஒன்றா என்று அந்த மனிதருக்கே தெரியவில்லை, அவரும் இரண்டாவது கையாகத்தான் வாங்கியிருந்தார். மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் நான் எந்தக் கார்டையும் தள்ள மாட்டேன். பேஸ்டும் பேடும் மாற்றினால் இதுவும் சரியாகியிருக்கலாம். ஆனால் பில் இல்லை, வாரண்டி இல்லை, நம்பர் இல்லை. சரியாகாவிட்டால் 16,000 போனது போனதுதான். என்னைப் போலப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எடுக்கலாம். சம்பளத்தில் சேர்த்துத் தன் ஒரே கார்டாக வாங்குகிறவன் எடுக்கக் கூடாது.

டீ கொடுத்தார், குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டும் வரை தம்பி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவனே சொன்னான்: "அந்த ஃபேன் சத்தத்தை நானும் கேட்டேண்ணா."

பெங்களூரு எஸ்பி ரோட்டில் நாலைந்து கடை ஏறி இறங்கி, ஆர்எக்ஸ் 6600 கார்டை 18,900-க்கு வாங்கினோம். மூன்று வருட வாரண்டி. பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர், கார்டில் இருப்பது, பில்லில் எழுதுவது மூன்றும் ஒன்றா என்று அங்கேயே சரிபார்த்தோம். ஜிஎஸ்டி நம்பரோடு பில் வாங்கினோம். பில் இல்லாமல் 700 ரூபாய் குறைக்கலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டோம். எஸ்எம்பிஎஸ்ஸும் அங்கேயே வாங்கியாகிவிட்டது, 4,200.

போட்டதும் வந்த தொல்லையும்

பழைய என்விடியா டிரைவரை, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியால் சேஃப் மோடில் முழுதாகத் துடைத்தேன். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்ததில், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட உதவும் ரீசைசபிள் பார் வசதி வந்தது. அதை இயக்க வேண்டுமானால் டிஸ்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் முறை ஜிபிடியாக இருக்க வேண்டும், இவனுடையது பழைய எம்பிஆர். விண்டோஸிலேயே இருக்கும் கருவியால் டேட்டா அழியாமல் மாற்ற முடிந்தது. இருந்தாலும் முக்கியமானவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் செய்தேன்.

மூன்று நாள் கழித்து இரவு பத்து மணிக்கு போன். "அண்ணா, கார்டு போச்சுன்னு நினைக்கிறேன். விளையாடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகி ஆன் ஆகுது." மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் நானே அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் அம்மா களியும் கீரைக்கடைசலும் வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்து மல்டிமீட்டரைச் செருகினேன். ஏழரை மணிக்கு 172 வோல்ட். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டரில் தொடர்ந்து ஓடின. கணினி மட்டும் அணைந்து மறுபடி எழுந்தது. அப்போதுதான் புரிந்தது. கணினியும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருந்தது.

வீட்டில் இருந்தது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். புது எஸ்எம்பிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. குறைந்த வோல்டேஜை அது அழகாகச் சமாளிக்கும், 172-லும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குச் சதுர வடிவ மின்சாரம் ஒத்துவராது, லைன் மாறும்போது ஏற்படும் இடைவெளியும் பிடிக்காது. கார்டில் எந்தக் குறையும் இல்லை.

இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். போட்டுப் பார்த்தோம். அந்த மோடில் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிவிடும். இவன் வீட்டில் சாயங்காலம் முழுக்க 170-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஒன்பது மணிக்குள் பேட்டரி தீர்ந்து, கரண்ட் நிஜமாகப் போகும்போது வீடே இருட்டாகிவிடும். பழைய மோடுக்கே மாற்றி வைத்தேன்.

பரணில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று, பேட்டரி செத்துப்போய்க் கிடந்தது. 950 ரூபாய்க்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி வாங்கிப் போட்டு, கணினியை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து இதில் மாட்டினோம். விளையாடும்போது சுவரிலிருந்து கணினி எடுப்பது 220 வாட் அளவுதான், இந்த யுபிஎஸ் தாங்கும். சில நிமிடம்தான் நிற்கும், சேவ் செய்து அணைக்க அது போதும். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

கிடைத்த பலன்

ரெட் டெட், இப்போது பெரும்பாலும் ஹை அமைப்பில், சராசரி 72. மெதுவான ஒரு சதவீதம் 52. பழைய 15-ஐ நினைத்துப் பாருங்கள். ஃபோர்ஸா ஹையில் 90-ஐத் தாண்டுகிறது. சைபர்பங்க் ரே டிரேசிங் இல்லாமல் 60-ஐ ஒட்டி ஓடுகிறது, சந்தை மாதிரிக் கூட்டமான இடங்களில் 50-க்கு இறங்கும். ஃப்ரீசிங்க் இருப்பதால் அது கண்ணுக்கு உறுத்துவதில்லை. வாலரண்டில் பெரிய மாற்றம் இல்லை, அது பிராசசரைச் சார்ந்தது.

அவன் அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். மே மாதம் பிற்பகலில் அறையே 38 டிகிரி. கேபினட்டின் முன்பக்கம் ஒரு ஃபேன் கூட இல்லாததால் கார்டு சூடாகி இரைந்தது. 350 ரூபாய்க்கு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் முன்னால் வைத்தோம். ஏஎம்டி மென்பொருளில் பிரேமை 72-க்கு மேல் போகாமல் கட்டினேன். 75 ஹெர்ட்ஸ் திரைக்கு அதற்கு மேல் கொடுப்பது வெறும் சூடுதான். கார்டின் வோல்டேஜையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விளையாட்டு நின்றுபோகாத இடத்தில் நிறுத்தினேன். வெப்பம் 79-லிருந்து 68-க்கு இறங்கியது. பகலில் விளையாட முடிவது இதனால்தான்.

பேட்டரியும் ஃபேனும் சேர்த்து மொத்தச் செலவு 26,000. பட்ஜெட்டைத் தாண்டிய 1,000 பழைய கார்டை விற்றதில் வந்துவிட்டது.

2025 நவம்பரில் ஒருநாள் கவலையோடு வந்தான். அக்டோபர் கடைசியில், ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளின் டிரைவரை ஏஎம்டி தனிக் கிளையாகப் பிரிக்கிறது என்ற செய்தி வந்திருந்தது. புது விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று நிறுவனம் பிறகு விளக்கியது. ஆனால் புதிய வசதிகள் இனி அடுத்தடுத்த வரிசைகளுக்குத்தான் முதலில் போகும். இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் இருக்கும் கார்டில்தான் ஓடும். அவற்றுக்கு ஏஎம்டி பக்கம் குறைந்தபட்சமாகச் சொல்லியிருப்பது இந்த 6600-தான். பழைய கார்டில் அவை திறக்கவே திறக்காது, இதில் திறக்கும். ஆனால் இது ஏணியின் முதல் படியில் நிற்கிறது.

ஏப்ரலிலேயே இது தெரிந்திருந்தால் வேறு கார்டு சொல்லியிருப்பேனா? அந்த 19,200-க்கு இதைத்தான் சொல்லியிருப்பேன், கூடவே இந்த வயதுக் கணக்கையும் சொல்லியிருப்பேன். அந்த நவம்பரில் 35,000 வரை போக முடிந்தவர் இதே மாதிரிப் பழைய போர்டோடு வந்திருந்தால், 2025 ஜூன் மாதம் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டைத்தான் முதலில் எடுத்து வைத்திருப்பேன். இந்த விலை வட்டாரத்தில் அதற்கு 16 லேனும் உண்டு, 3.0 போர்டில் சாலையும் அகலம், உள்ளே இடமும் தாராளம். தம்பியிடம், இருப்பதை விற்க வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் ஓட்டு என்றேன்.

பழைய 1050 டிஐயை 3,500-க்கு பர்கூரில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவர் வாங்கிக்கொண்டார். அவர் கணினியின் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். +12 வோல்ட்டில் 18 ஆம்பியர் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கார்டைக் கொடுத்தேன்.